காலியான சட்டி, மிஞ்சிய சட்டி

பண்டிகை நாளில் சாப்பிடுகிறவர்கள் சொல்வதை நம்பக்கூடாது. புதுத்துணி உடுத்து, கோவிலுக்குப் போய்விட்டு வந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் சமைத்தவனிடம் உப்பு குறைவு என்று சொல்வாரா? எல்லோரும் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் வாயைக் கவனிப்பதில்லை, சட்டியைக் கவனிப்பேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் எந்தச் சட்டியில் எவ்வளவு மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்த்து எழுதி வைப்பது பல வருடப் பழக்கம். எழுதுவது பள்ளியில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு பழைய வருகைப் பதிவேட்டில். மாணவர் பெயர் வரவேண்டிய இடத்தில் பதார்த்தத்தின் பெயர், தேதிக் கட்டங்களில் ஆண்டு. காலியானால் ஒரு கோடு, மிஞ்சினால் ஒரு சுழி.

எங்கள் வீடு நாகர்கோவில் பக்கம். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கிறிஸ்துமஸுக்குக் கறியும் சோறும் என் பொறுப்பு. பலகாரமும் கேக்கும் தூத்துக்குடிக்காரியான என் மனைவியின் பொறுப்பு. அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். எண்பது தாண்டிவிட்டதால் அடுப்புப் பக்கம் வருவதில்லை, மூக்கு மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. தேங்காய் ஒரு நிமிடம் கூடுதலாக வறுபட்டாலும் அங்கிருந்தே சத்தம் வரும். அம்மாவிடமிருந்து கிடைக்கக்கூடிய உச்சப் பாராட்டு "கொள்ளாம்". பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லமாட்டாள், "மக்களே, கொஞ்சம் தண்ணி தா" என்பாள். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலை 4 மணிக்கு. முந்தின இரவு கேரல் பாடுகிறவர்கள் வந்து, காப்பி குடித்து, கேக் தின்று போகப் பதினொரு மணி தாண்டிவிடும். ஆக, சமைக்கிறவன் தூங்காதவன். ஆராதனை முடிந்து ஆறரைக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்குவார்கள், அதுவும் ஒன்றாக வரமாட்டார்கள். தம்பி குடும்பம் நேராக வந்துவிடும். சின்ன மாமா கோவில் வாசலில் நின்று கடைசி ஆள் வரைக்கும் கைகுலுக்கிவிட்டு எட்டு மணிக்கு வருவார். மார்த்தாண்டத்திலிருந்து சித்தி வந்து சேர ஒன்பதரை. காலைச் சாப்பாடு மட்டுமே மூன்று மணி நேரம் ஓடும். அது முடிவதற்குள் மத்தியானத்துக்கு அரிசி ஊறப்போட வேண்டும்.

பதிவேட்டைப் புரட்டினால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் வீட்டில் தோற்ற பதார்த்தங்கள் பெரும்பாலும் ருசியில் தோற்கவில்லை. காத்திருக்கத் தெரியாமல் தோற்றன. அதனால் இந்த வருடம் புதிதாக ஏதாவது செய்வோம் என்று யார் ஆரம்பித்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அது ஆறினா என்ன ஆவும்?"

வறுத்தரைத்த ஆட்டுக்கறிக் குழம்பின் வரிசையில் சுழியே கிடையாது. 24-ஆம் தேதி இருட்டோடு வடசேரிக்குப் போய்க் கறிக்கடை வரிசையில் நின்று, தொடையும் நெஞ்செலும்பும் கலந்து வாங்குவேன். எலும்பில்லாத கறி இதற்கு ஆகாது. தேங்காயைத் துருவி முதலில் தனியாக, சிறு தீயில் வறுக்க ஆரம்பிக்கவேண்டும். அது பொன்னிறம் தாண்டும்போது சின்ன உள்ளி, கறிவேப்பிலை, நல்லமிளகு, பெருஞ்சீரகம், மிளகாய் வற்றல், கடைசியாக மல்லி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் தேங்காய் சிவப்பதற்குள் மல்லி கருகிவிடும். அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டி தன்னிடம் இருக்கும் சூட்டில் வறுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவேன். அரைக்கும்போது முதலில் தண்ணீரே விடக்கூடாது. தேங்காயின் எண்ணெய் கசிந்து விழுது பளபளக்க ஆரம்பித்த பிறகுதான் தண்ணீர்.

24 மாலையே குழம்பைக் கூட்டிவிடுவேன். இரவு படுக்கும்முன் ஒரு கொதி, கோவிலிலிருந்து வந்ததும் ஒரு கொதி. எலும்பைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் கொலாஜன் மெதுவாக ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கு ஒரு கனத்தைக் கொடுக்கும். மசாலாவின் வாசனையில் பெரும்பகுதி எண்ணெயில் கரையக்கூடியது. இரவு முழுக்க அதற்கு நேரம் கிடைக்கிறது. விளைவு, எட்டு மணிக்கு வரும் சின்ன மாமாவுக்குக் கிடைக்கும் குழம்பு ஆறரைக்கு வந்த தம்பிக்குக் கிடைத்ததைவிட நன்றாக இருக்கும். பிந்தி வருகிறவனுக்குப் பரிசு கொடுப்பது நியாயமா என்று தம்பி கேட்பதுண்டு. நியாயமில்லைதான். ஆனால் பண்டிகைச் சமையலுக்கு அதுதான் தேவை.

அந்தக் குழம்போடு ஆப்பம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அங்கேதான் சிக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேர், ஆளுக்கு மூன்று என்றால் அறுபது ஆப்பம். ஒன்று வேக மூன்று நிமிடம். ஒரே சட்டி என்றால் மூன்று மணி நேரம் ஒருவர் அடுப்பை விட்டு நகர முடியாது. சரி, முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைக்கலாமே என்று ஒரு வருடம் செய்தோம். கீழே இருக்கும் ஆப்பத்தின் ஆவி மேலே இருப்பதை நனைத்து, மொறுமொறு ஓரமெல்லாம் துவண்டு, அறுபதும் ஒரே கட்டியாக வந்தது. பிய்த்துத்தான் பரிமாறினோம். இப்போது இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி. ஒன்றில் நான், இன்னொன்றில் தம்பி மகன். பொறியியல் படிக்கிறவன், சட்டியைச் சுழற்றுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

ஆப்ப மாவு புளிப்பதே தனிக் கதை. எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஆச்சி மாவுக்குத் தென்னங்கள் ஊற்றுவாள். சபைக்காரர்கள் கள் குடிக்கக்கூடாது, ஆனால் மாவு குடிக்கலாம் என்பது ஆச்சியின் இறையியல். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கவே தடை வந்துவிட்டது. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டுதான். ஆப்பத்துக்காக என்று சொல்லி அங்கே போய் நிற்கும் துணிச்சல் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லை. அப்புறம் தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டு ஒரு நாள் வைத்து ஊற்றினோம், பிறகு ஈஸ்ட் வந்தது. டிசம்பர் இரவில் இங்கே 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏப்ரலில் எழும்பும் வேகத்தில் மாவு எழும்பாது. ஒரு வருடம் அதற்குப் பரிகாரமாக யாரோ மாவுப் பானையைக் கறி கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டார்கள். கோவிலிலிருந்து வந்து பார்த்தால் மாவு பானை மூடியைத் தள்ளிக்கொண்டு தரைக்கு வந்திருந்தது, புளிப்போ நாக்கைச் சுண்டுகிறது. நகர்த்தியது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அம்மா அந்த வருடம் நிறையத் தண்ணீர் குடித்தாள்.

தம்பி மனைவி வைக்கும் உருளைக்கிழங்கும் கறியும் போட்ட இஷ்டு, அதாவது தேங்காய்ப்பால் ஸ்டூ, சுவையில் என் குழம்பைவிட ஒரு படி மேல். இதை எழுத்தில் மட்டும்தான் ஒத்துக்கொள்வேன். இரண்டாம் பாலில் கறியும் கிழங்கும் வெந்து, கடைசியில் கெட்டியான முதல் பாலை விட்டு, கொதி வருமுன் இறக்கவேண்டும். ஆறரை மணிப் பந்திக்கு அது தேவாமிர்தம். ஒன்பதரைக்குச் சித்தி வரும்போது யாராவது அதைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, பேச்சு சுவாரசியத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டுவிடுவார்கள். எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் வெள்ளைத் துருவல். இப்போது முதல் பாலில் ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்து விடுகிறாள். மாவுச்சத்து எண்ணெயைப் பிரியவிடாமல் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. முழுக்கக் காப்பாற்றாது. பாதிக்குப் பாதி.

பிரியாணியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. மத்தியானத்துக்கு வெளியிலிருந்து ஆள் வைத்துச் சமைப்பது வழக்கமாக இருந்தது. சின்ன மாமா ஒரு வருடம், வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோம், நாமே போடுவோம் என்று கிளம்பினார். சீரகச் சம்பா ஐந்து கிலோ. அவர் வீட்டில் அரைக் கிலோ அரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்துப் பழகியவர், அதே கணக்கில் இங்கும் ஊற்றினார். நான் தடுத்தேன். அரைக் கிலோ வேகும் சின்னச் சட்டியில் ஊற்றும் தண்ணீரில் கணிசமான பங்கு ஆவியாகப் போய்விடும். ஐந்து கிலோ வேகும் அண்டாவில் அரிசி பத்து மடங்கு, ஆனால் வாய் பத்து மடங்கு அகலமில்லை. அந்த அளவுக்கு ஆவி போகாது. ஒன்றுக்கு ஒன்றரைதான் அங்கே சரி. மாமா, "இது பள்ளிக்கூடம் இல்லடே" என்றார். அடிப்பாகம் களி, நடுப்பாகம் பொங்கல், மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு மட்டும் அருமையான பிரியாணி. அந்த மேல் பாகம் மாமாவின் தட்டுக்குப் போனதால் அவருக்கு இன்றுவரை அந்த வருடப் பிரியாணியில் குறை தெரியாது. மறுவருடத்திலிருந்து நெய்ச்சோறு. அதற்கு எந்தப் பேச்சும் கிடையாது, எந்த மிச்சமும் கிடையாது.

வாத்துக்கு வருவோம். தம்பி வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வருடம். அங்கே யாரோ அதிகாரி வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் முழுப் பறவையை மேசை நடுவில் வைத்து அறுத்ததைப் பார்த்திருக்கிறான். நம் வீட்டிலும் அப்படி வைக்கவேண்டும் என்று ஆசை. வான்கோழிக்கு எங்கே போவது, வாத்து போதும் என்று முடிவானது. இரண்டு வாத்து வந்தது. வாங்கி வந்தவரிடம் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "குஞ்சா, கிழடா?" யாரும் பதில் சொல்லவில்லை.

வாத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: தோலுக்கடியில் கெட்டியான கொழுப்பு ஓர் அடுக்காக இருக்கும். தோலை ஊசியால் குத்தி, சிறு தீயில் நேரம் எடுத்து அந்தக் கொழுப்பை உருக்கி வெளியேற்றவேண்டும். அப்போதுதான் தோல் மொறுமொறுப்பாகும். இளம் வாத்தாக இருந்தால் இவ்வளவு போதும். வந்தவையோ வயல் வயலாக நடந்து, முட்டையிட்டு ஓய்ந்தவை. பிராயம் ஏறிய தசைக்கு உலர்ந்த சூடு ஆகாது, தண்ணீரோடு நெடுநேரம் வேகவேண்டும். முழுசாக வைத்து அறுக்கும் ஆசையில் தம்பி அவற்றை அடுப்பில் வாட்டினான். சின்ன இறகுக் குருத்துகளை இடுக்கியால் பிடுங்கிப் பிடுங்கி என் மனைவிக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். மேசைக்கு வந்தபோது பார்க்க அவ்வளவு அழகு! சுற்றிலும் உருளைக்கிழங்கு, தக்காளி, மல்லித்தழை. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். கத்தி இறங்கவில்லை. தம்பி ஒரு காலைப் பிடித்து இழுத்தான், வாத்து முழுசாக அவனோடு வந்தது. சின்ன மாமா மெதுவாக நெய்ச்சோற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நான் அந்த இரண்டு வாத்தையும் எலும்போடு துண்டு போட்டு, குக்கரில் ஆறேழு விசில் விட்டு, சதையைப் பிய்த்தெடுத்தேன். உருகி வந்த கொழுப்பிலேயே சின்ன உள்ளி, தேங்காய்ப் பல், இடித்த நல்லமிளகு, கறிவேப்பிலை போட்டு வதக்கி, சதையைச் சேர்த்து, அடிப்பிடிக்கும் பதத்துக்கு வறுத்தேன். சட்டி மேசைக்கு வரவில்லை, அடுப்படியிலேயே நின்று தீர்த்துவிட்டார்கள். அம்மா இரண்டு முறை "கொள்ளாம்" சொன்னாள். பதிவேட்டில் வாத்துக்கு நேராக ஒரு சுழியும் அதன்மேல் ஒரு கோடும் இருக்கிறது. அப்படி இருப்பது அது ஒன்றுதான்.

26-ஆம் தேதிச் சாப்பாடு எங்கள் வீட்டில் 25-ஐவிட நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான், தூங்கி எழுந்தவன் சமைக்கிறான். ஆனால் 2004 கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை. அந்த ஆண்டு 26 ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடலோரத்திலிருந்து சுனாமிச் செய்தி ஒவ்வொன்றாக வந்தது. வீட்டில் மிஞ்சியிருந்த சோறு, குழம்பு, ரொட்டி, கேக் எல்லாவற்றையும் அண்டாக்களில் கட்டி, ஆட்கள் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிக்குக் கொண்டுபோனோம். தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது. அன்று எந்தச் சட்டி காலி, எது மிச்சம் என்று பார்க்கும் மனநிலை இல்லை.

பலகாரத்தில் முதலில் முந்திரிக்கொத்து. வெளியூர்க்காரர்கள் முந்திரிப்பருப்பு எங்கே என்று தேடுவார்கள். அதில் முந்திரிப்பருப்பு கிடையாது. முழுப் பாசிப்பயறை வாசம் வர வறுத்து, திருவையில் உடைத்து, தோலைப் புடைத்துவிட்டுக் கொரகொரவென்று பொடித்துக்கொள்ளவேண்டும். வறுத்த தேங்காய், எள், ஏலம், சுக்கு சேர்த்து, வெல்லப் பாகில் கிளறி, சூடு பொறுக்கும்போதே உருட்டி, அரிசி மாவும் மைதாவும் மஞ்சளும் கரைத்த மாவில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விடுவது. உயிர் பாகில் இருக்கிறது. பாகு இளகலாக இருந்தால் உருண்டை எண்ணெயில் வெடித்துக் கரைந்து, எண்ணெய் முழுக்கப் பயறு மிதக்கும். முறுகினால் உருட்டவே வராது, உருட்டியது பல்லுக்குப் பகை. என் மனைவி தூத்துக்குடியிலிருந்து வந்தவள் என்பதால் கல்யாணமான புதிதில் அம்மா பாகுக் கரண்டியை அவளிடம் கொடுக்கமாட்டாள். இப்போது அவள் எடுக்கும் பாகு அம்மாவின் பாகைவிடத் துல்லியம். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது உருளும் சத்தத்தை வைத்தே சொல்லுவாள்.

பெங்களூரில் இருக்கும் என் தங்கை ஒரு வருடம் அங்கேயே செய்து கொண்டுவந்தாள். கடையில் கிடைத்த நைசான பாசிப்பருப்பு மாவு. கொரகொரப்பு இருந்தால்தான் துகள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும், கடித்தால் உதிரும். நைசு மாவு பாகோடு சேர்ந்து சிமெண்டாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் அதைத் தரையில் போட்டு விளையாடியதைத் தங்கை பார்த்துவிட்டாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அச்சுமுறுக்குக்கு ஒரே விதிதான். அச்சு எண்ணெயில் நன்றாகச் சூடாகியிருக்கவேண்டும், மாவில் முக்கால் உயரத்துக்குமேல் முக்கக்கூடாது. முழுக்க முக்கினால் மாவு மேலேயும் மூடிக்கொண்டு அச்சை விட்டுக் கழலாது. புது அச்சு என்றால் முந்தின இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள்.

மக்ரூன் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு வருடமும் மாமனார் வீட்டிலிருந்து டப்பாவில் வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தூத்துக்குடியில் மாமனார் வீட்டுக்குள் தண்ணீர். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மக்ரூன் வாங்கி அனுப்பும் நிலையில் யார் இருந்தார்கள்? பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று மனைவி தானே செய்யக் கிளம்பினாள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, மூன்றே பொருள். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரை சேர்த்து, முந்திரித்தூளை மெதுவாகக் கலந்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் காயவிடவேண்டும். வேகவைப்பதைவிட உலர்த்துவதுதான் அதில் வேலை. மழை விட்டும் காற்றில் ஈரம் விடவில்லை, சர்க்கரையோ காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். ஓவனில் இருந்து எடுக்கும்போது சரியாகத்தான் இருந்தது. ஆறும் நேரத்துக்குள் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே சவ்வுமிட்டாய். பிள்ளைகள் கரண்டியால் காகிதத்தைச் சுரண்டிச் சுரண்டித் தின்றார்கள். சட்டி காலி. மனைவி அதைத் தோல்வி என்கிறாள், என் விதிப்படி வெற்றி. இந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கேக்குக்கு வந்தால் பழங்களை எதில் ஊறவைப்பது என்பதே குடும்பப் பிரச்சினை. 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் சுட்டார் என்று சொல்வார்கள். அவர்கூட வெளிநாட்டுப் பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சரக்கைத்தான் சேர்த்தாராம். அம்மாவுக்கு உள்ளூரும் ஆகாது, வெளியூரும் ஆகாது. ஒரு வருடம் சின்ன மாமா செய்தித்தாளில் சுற்றி ஒரு ரம் குப்பியைக் கொண்டுவந்தார். அம்மா அதைச் செடிக்கு ஊற்றினாள். அக்டோபரிலிருந்து பழங்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறுவது ஆகாத காரியம், பூஞ்சை பூத்துவிடும். அதனால் டிசம்பர் நடுவில் சாற்றோடு பழங்களைச் சுண்டக் காய்ச்சி, ஒரு நாள் வைத்துப் போடுகிறோம். ரம்மின் மணம் வராதுதான். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கித் தண்ணீர் விடுவது மனைவிக்கு இன்னும் பயம். அது 170 டிகிரிக்கும் மேலான சூட்டில் இருக்கும், பச்சைத் தண்ணீரை ஊற்றினால் முகத்துக்குத் தெறிக்கும். கொதிக்கும் தண்ணீரைத் தள்ளி நின்று ஊற்றவேண்டும்.

மின்சார ஓவன் வந்ததும் ஆச்சியின் மணல் சட்டியைத் தூக்கி எறிந்தோம். கீழே மணலும் மூடிமேல் கங்கும் போட்டுச் சுடும் சட்டி. ஒரு மழை வருடத்தில் கேக் பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போனது. குமிழ்கள் ஊதிவிட்டன, அவற்றைத் தாங்கவேண்டிய முட்டையும் மாவும் இன்னும் இறுகவில்லை. அந்த நேரத்தில் சூடு போனால் நடுவில் குழி விழுந்தே தீரும். தங்கை அந்தக் குழியில் கஸ்டர்டை ஊற்றி மேலே செர்ரி வைத்துக் கொண்டுவந்து பரிமாறினாள். வந்தவர்கள் அது எப்படிச் செய்வது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள்.

25 இரவுச் சாப்பாட்டை வைத்துப் பெரிய திட்டங்கள் எல்லாம் போட்டோம். பிரைடு ரைஸ் செய்தோம், மிஞ்சியது. மொட்டை மாடியில் கரியில் கோழி சுட்டோம், பனியில் கரி பற்றவில்லை, பற்றியபோது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பெரிய மகள் வெள்ளை சாஸ் பாஸ்தாவைத் தட்டு நிறைய வேகவைத்தாள். சாஸ் இறுகி, செவ்வகமாக வெட்டி எடுக்கும் பதத்துக்கு வந்தது. காலையில் ஆப்பமும் கறியும், மத்தியானம் நெய்ச்சோறு, நடுவில் நாலு வீட்டுப் பலகாரம். அதற்குமேல் யாருக்குத்தான் வயிற்றில் இடம்?

ஒரு வருடம் யாரும் திட்டமிடாமல், அம்மாவுக்காக மட்டும் சம்பா அரிசிக் கஞ்சி வைத்தோம். கூடப் பயறுத் துவரன், சுட்ட பப்படம், தேங்காய்த் துவையல். முதலில் சின்ன மாமா ஒரு கிண்ணம் கேட்டார். பிறகு சித்தி. அப்புறம் தம்பி எழுந்துபோய்த் தானே ஊற்றிக்கொண்டான். அம்மாவுக்கு மிஞ்சாமல் திரும்பவும் அரிசி போடவேண்டியதாயிற்று. இப்போது அந்தக் கஞ்சிக்குப் பெரிய சருவம் ஏறுகிறது. நெத்திலிக் கருவாடு சேர்ந்திருக்கிறது. சிலர் மத்தியானமே அளவாகச் சாப்பிடுகிறார்கள், எதற்கு என்று கேட்டால் இரவுக்கு என்கிறார்கள். பெரிய மகள் மட்டும் இன்னும் பாஸ்தாவை விடவில்லை. இந்த முறை சாஸைத் தனியாகத் தளர்வாக வைத்து, பரிமாறும்போது கலப்பதாகச் சொல்கிறாள். யோசனை சரிதான், ஒரு சின்னச் சட்டி அளவுக்குச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் தம்பி மகன் திரும்பவும் வாத்து வேண்டும் என்கிறான். பழைய போட்டோவைப் பார்த்துவிட்டான், அழகில் மயங்கிவிட்டான். ஒத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, 24-ஆம் தேதி குக்கரில் வேகும், 26-ஆம் தேதி வறுவலாகத்தான் மேசைக்கு வரும். இரண்டு, வாங்கப் போகும்போது அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவோம். குஞ்சா கிழடா என்று அவளே பார்த்துச் சொல்லட்டும்.